“மகள் ஜன்னல்” அலறுவது குறித்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், காதுகள் தவிர. அங்கே நீங்களும் சித்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் விற்கும் அலாரம் உங்கள் வீட்டில் இல்லையே.

மூன்று வாரமாக திங்கள், புதன், வெள்ளிகளில், அதாவது அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகும் நாட்களில் மட்டும், பிற்பகல் மூன்று மணிக்கு சைரன் அடிக்கிறது. அடுத்த நொடி அப்பா போனுக்கும் என் போனுக்கும் ஒரே செய்தி: “மகள் ஜன்னல் திறக்கப்பட்டது.” அப்பா அலுவலகத்தில் பாதிக் கையெழுத்தோடு எழுந்து ஓடி வருகிறார். நான் நூலகத்திலிருந்து ஓடி வருகிறேன். திருடன் இல்லை. எதிர்வீட்டு மாமா மட்டும் வாசலில் நின்று, “இன்னிக்கும் ஒண்ணும் போகலியா?” என்று வருத்தத்தோடு விசாரிக்கிறார்.

அம்மா வீட்டில் இருந்தால் அடிப்பதில்லை. ஆள் இருக்கும்போது அலாரத்தை ஆன் செய்வதில்லை, அதனால் அடிப்பதில்லை. இதை அப்பாவுக்குப் படம் வரைந்து விளக்கினேன். படத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“நீ வீட்ல இருக்கறப்போ ஒழுங்காத்தானே இருக்கு? பேசாம கிளாஸை நிறுத்திடு.”

இருபத்தாறு வருடமாக, எங்கே போவதென்றாலும் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பவள் அம்மா. வரும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஜன்னல் சரியாகும்வரை டெஸ்ட் கிடையாது என்பது அப்பாவின் தீர்ப்பு.

உங்களுக்குப் போன் செய்தோம். “பேட்டரியை மாத்துங்க” என்றீர்கள், மாற்றினோம், அடித்தது. “காந்தம் சென்சாரை விட்டுத் தள்ளிப் போயிருக்கும், நெருக்கி ஒட்டுங்க” என்றீர்கள், ஒட்டினோம், பசையில் என் விரலும் சிக்கி நானும் ஜன்னலும் அரைமணி நேரம் இணைபிரியாமல் நின்றோம், மறுநாளும் அடித்தது. “தூசியா இருக்கும்” என்றீர்கள், துடைத்தோம். “அந்த ஒரு ஜன்னல் சென்சாரை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க” என்றீர்கள், “அப்போ திருடன் அது வழியாத்தானே வருவான்” என்று அப்பா மறுத்துவிட்டார், திருடனுக்கு நாம் தபால் போட்டுத் தெரிவிப்போம் என்ற நம்பிக்கையில். கடைசியில் என் ஜன்னலை நான்கு ஆணி அடித்து மூடினேன், அறையில் காற்று நின்றது, சைரன் நிற்கவில்லை. “மகள் ஜன்னல் திறக்கப்பட்டது.” ஆணியடித்த ஜன்னல். நான் தத்துவம் படிப்பவள். திறப்பது என்றால் என்ன என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தேன்.

அம்மாதான் கேட்டாள். “எந்த ஜன்னலைத் திறந்தா எந்தப் பேர் வருதுன்னு யாராவது பாத்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. ஆணிகளைப் பிடுங்கினோம். அலாரத்தை ஆன் செய்துவிட்டு என் ஜன்னலைத் திறந்தோம். வந்த செய்தி: “பெட்டி அறை திறக்கப்பட்டது.”

சித்தப்பா, நான்கு வருடத்துக்கு முன் நீங்கள் இதை மாட்டியபோது, அறைக்குப் பேர் வைக்காமல் அங்கே படுக்கிற ஆளின் பேரை வைத்தீர்கள். ஆளில்லாத பெட்டி அறைக்கு மட்டும் அதன் சொந்தப் பேர். போன வருடம் அப்பா என் அறையை எடுத்துக்கொண்டு என்னைப் பெட்டி அறைக்கு அனுப்பினார். ஆட்கள் மாறினார்கள். பேர்கள் மாறவில்லை. மூன்று வாரம் ஒரு நிரபராதி ஜன்னலைச் சித்திரவதை செய்திருக்கிறோம்.

ஆக, அலறுவது அப்பாவின் அறை ஜன்னல். அந்த அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அவர் வேலைக்குப் போவார். கொக்கி போட மறந்திருப்பாரோ என்று கேட்டேன். “நானா?” என்றார். போதுமான பதில். தெருக்கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் அவர். எனவே குறை உங்கள் சென்சாரில்தான். வியாழனுக்குள் நேரில் வந்து புதியது மாட்டவும். இல்லையேல் வீட்டிலுள்ள எட்டு சென்சார்களையும் கழற்றி எடுத்துப் போகவும். அம்மா டெஸ்டுக்குப் போகாவிட்டால் அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.

சித்திக்கு என் அன்பு. நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், குறைந்தது நீங்கள் கொடுத்த உத்தரவாதம் முடியும்வரை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: மேலே உள்ள அனைத்தையும் வாபஸ் பெறுகிறேன். வர வேண்டாம்.

உறையை ஒட்டுவதற்குள் தெரிந்தது, அப்பா இன்று சாவியை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவும் நானும் அவர் அறையைத் திறந்தோம். ஜன்னல் சாத்தியிருந்தது. கொக்கி போடவில்லை. மூன்று மணிக்கு ஒரு பழுப்புப் பூனை வெளியிலிருந்து ஜன்னலைத் தலையால் முட்டித் தள்ளி உள்ளே குதித்தது. எங்களை யாரோ அன்னியர்களைப் போலப் பார்த்தது. நேராக மேசைக்கு அடியில் போனது. அங்கே ஒரு கிண்ணம் பால், பொடித்த பிஸ்கட், அப்பா தொலைந்துவிட்டதாகச் சொன்ன கம்பளிச் சட்டை.

சென்சார் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை, சித்தப்பா. வீட்டில் அது ஒன்றுதான்.

மாலையில் அப்பா வந்ததும் அம்மா சொன்னாள்: “வெள்ளிக்கிழமை லீவு போடுங்க. உங்க விருந்தாளி வர்ற நேரத்துக்கு எனக்கு டெஸ்ட் இருக்கு.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“அரை நாள் போதுமா?” என்றார்.