கழுவாத திராட்சையும் பூட்டண்ணனும்

கம்பம் பள்ளத்தாக்கில் பூட்டண்ணனை ஏமாற்றி ஒரு செல்போன் நம்பருக்கு முகவரி வாங்கியவர் இன்னும் பிறக்கவில்லை. ஊரில் எல்லோர் கையிலும் செல்போன் முளைத்த புதிது. சின்னமனூரில் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. வாயில் எப்போதும் பூட்டுத் தொங்கியதால் அந்தப் பெயர்.

ஒருமுறை அவர் சம்சாரமே வந்து, தன் நம்பர் மறந்துவிட்டது என்றார். பூட்டண்ணன் அடையாள அட்டை கேட்டார். அன்று அவருக்கு வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியர் வரவில்லை. என் தயிர்சாதத்தில் பாதியைத் தின்றுகொண்டே, "ரூல்ஸுன்னா ரூல்ஸுதேன்" என்றார்.

ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி, சஃபாரி உடையோடு ஒருவர் நுழைந்தார். சென்னையில் போலீஸ் ஆபீஸராம். மேலிடத்து அனுமதி இருக்கிறதாம். ஒரு நம்பரைச் சொல்லி முகவரி கேட்டார். அது, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஓடைப்பட்டியைச் சேர்ந்த பெண் ஒருத்தியின் நம்பர். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனவள். "யாரு கேட்டாலும் குடுத்துராதீகண்ணே, எங்க வீட்டாளுக வெட்டிப்புடுவாக" என்று எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள்.

போலீஸ் என்றதும் நான் எழுந்து நின்றேன். அது போதாதென்று தோன்றவே செருப்பையும் கழற்றினேன். விட்டிருந்தால் முகவரியோடு என் ஜாதகத்தையும் கொடுத்திருப்பேன். விரல் தானாகவே கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று.

பூட்டண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். "சார் வெயில்ல வந்திருக்காக" என்று, மேசையில் இருந்த திராட்சைக் குலையை அவர்முன் தள்ளினார்.

வந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரு பழத்தைக் கிள்ளி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடைசி மருந்து அடிச்சு எத்தன நாளாச்சு? கழுவுனதா?"

வெளியூர்க்காரர்கள் திராட்சையைக் கண்டால் வாயில்தான் போடுவார்கள். மருந்தைப் பற்றிக் கேட்பவர், மருந்து அடித்தவராகத்தான் இருக்க முடியும்.

"ஓடைப்பட்டில எந்தத் தோட்டம்ணே ஒங்களுக்கு?" என்றார் பூட்டண்ணன் சாவகாசமாக. "அனுமதி இருக்குன்னு பொய் சொல்லி அடுத்தவுக விவரம் கேக்குறது குத்தம். கேட்ட ஒங்களுக்கும் ஜெயிலு, குடுத்தா, இந்தா வெறுங்காலோட நிக்கிறானே, இவனுக்கும் ஜெயிலு. நெசப் போலீஸக் கூப்புடவா?"

வந்தவர் கறுப்புக் கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடினார். நானோ, ஜெயில் என்று கேட்டதுமே இரண்டு கைகளையும் கம்ப்யூட்டருக்கு எட்டாதபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏலே, செருப்பப் போடு" என்றவர், உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார். "ஆத்தா, சூதானமா இரு. இங்கனருந்து ஒன்னயப் பத்தி ஒரு வார்த்த வெளிய போகாது."

பூட்டண்ணனின் நிஜப் பெயரும் நம்பரும் கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அவர் அனுமதியில்லாமல் தர மாட்டேன். அனுமதி தாருங்கள் என்று அடிக்கடி போன் செய்து கேட்கிறேன். அவர் முடியாது என்கிறார். அந்த 'முடியாது'வைக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன்.