கத்தரீனாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை

ரோமாபுரிச் சாம்ராச்சியம் ஏன் விழுந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம் மிகச் சாதாரணம். அங்கே எங்கள் கிளறன்ஸ் ஐயாவைப் போல ஒரு தபாலதிபர் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, கண்டிக்கு அருகே ஹந்தானை மலையடிவாரத்து ஆறாங்கட்டை உப தபால் கந்தோருக்கு அவர் எழுந்தருளியது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்திரண்டில். அவருக்குக் கீழே முத்திரை குத்தும் பாக்கியம் பெற்றவன் நான், தாஸிம். ஐயா விதியை நம்பியவர். கந்தோருக்கு வந்தவர்கள் விதியை நொந்தவர்கள். இரண்டும் ஒரே சொல்தான் என்பது தமிழின் சிறப்பு.

அடுத்த வருடம் கொழுந்து மும்முரமாக இருந்த மாதத்தில், ஆறாங்கட்டைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கத்தரீனா கந்தோரின் கம்பித் தடுப்புக்கு அப்பால் வந்து நின்றாள். ஐயாவின் மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. மேலே, ‘கத்தரீனா, ஆறாங்கட்டைத் தோட்டம்’ என்று தமிழில் எழுதியிருந்தது.

“ஐயா, அது எனக்கு வந்த கடுதாசிங்க. கடுகண்ணாவையில இருக்கிற என் தங்கச்சி புருசன் எழுத்து. போன தடவ இந்த எழுத்துல வந்தப்போ எங்க ஆத்தா செத்த சேதி. இப்ப யாருக்கு என்ன ஆச்சோங்க.”

“ஓம், உம்மட கடிதம்தான்” என்றார் ஐயா கனிவோடு. “ஆனா நீர்தான் கத்தரீனா எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

“தோட்டத்துல கத்தரீனா நான் ஒருத்திதாங்க. மத்ததெல்லாம் மாரியாயி, காளியம்மா.”

“அதை நீர்தானே சொல்லுறீர்? கத்தரீனா சொன்னால் நம்பலாம். நீர் கத்தரீனாவோ எண்டதுதானே இப்ப கேள்வி?”

இப்படி ஒரு தர்க்கத்தைக் கேட்க நான் என்ன தவம் செய்தேனோ!

மறுநாள் அவள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் அத்தாட்சிக் கடிதம் வாங்கி, கையில் கொண்டுவந்தாள். ஐயாவின் முகம் கறுத்தது.

“கையிலை கொண்டுவாறதோ? எல்லாரும் கடிதத்தைக் கையிலை கொண்டு திரிஞ்சால் தபால் இலாகா என்னத்துக்கு? தபாலிலை வரவேணும். உரியவரின்ரை பெயருக்கே வரவேணும்.”

அவள் அங்கேயே அதைத் தன் பெயருக்கே விலாசமிட்டு, முத்திரை வாங்கி ஒட்டிப் பெட்டியில் போட்டாள். இரண்டு நாளில், கண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அது எங்கள் மேசைக்கே திரும்பி வந்தது. ஐயா அவளை மனதார வாழ்த்தினார்.

“உமக்கு இப்ப இரண்டு கடிதம் வந்து கிடக்குது!”

“அப்ப குடுங்க ஐயா.”

“குடுக்கலாம். நீர்தான் கத்தரீனா எண்டு அத்தாட்சி வேணும்.”

“அது அந்த ரெண்டாவது கடுதாசிக்குள்ள இருக்குதுங்க!”

“மற்றவையின்ரை கடிதத்தை நான் பிரிக்கிறதோ?” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார் ஐயா.

கடுகண்ணாவைக்கே போய்ப் பார்க்கலாமென்றால், கொழுந்துக் காலத்தில் தோட்டத்தில் லீவு கிடையாது. ஆகையால் வேலை முடிந்ததும் தினமும் மலையிறங்கி வருவாள். கம்பியைப் பிடித்தபடி அந்தக் கடிதத்தைப் பார்ப்பாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு புதிய சாவை நினைத்து அழுதுவிட்டுப் போவாள். ஐயா மாலைத் தேநீருக்குப் போகும் கால் மணி நேரத்தில் அதை எடுத்து நீட்டிவிடலாமா என்று இரண்டொரு முறை அதன்மேல் கையை வைத்தேன். எனக்குச் சம்பள உயர்வு வரவிருந்த மாதம் அது. கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விதிப்படி காத்திருக்க வேண்டிய இருபத்தொரு நாளும் கழிந்தன. ஐயா சிவப்பு மையைத் தொட்டு, இரண்டு கடிதங்களிலும், ‘உரியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று முத்து முத்தாக எழுதி, உரியவர் இல்லாத கடிதங்கள் போகும் கொழும்புப் பையில் போட்டார். பையைக் கட்டும்போது முடிச்சில் விரல் வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என் கையில் அரக்கு. ஐயா சுற்றிப் பார்த்தார்.

“கத்தரீனா, இஞ்சை வாரும். இதிலை விரலை வையும்.”

அவள் வந்து வைத்தாள். முடிச்சு நன்றாக விழுந்தது.

கொழும்பில் கடிதத்தைப் பிரித்து, உள்ளே இருந்த விலாசம் பார்த்து, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் கத்தரீனாவின் தங்கை விறிசித்தாள் கடுகண்ணாவையிலிருந்து ரயிலேறி, கடிதத்தையும் அக்காவையும் இழுத்துக்கொண்டு கந்தோருக்கே வந்துவிட்டாள்.

“எம் மக பெற்றீசியாவுக்குக் கல்யாணம்! இவதான் ஞானத்தாயி. முன்னால நின்னு நடத்த வா அக்கான்னு எழுதிப் போட்டா, ஆளையே காணோமாம்! கோயில் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னோம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க, ஒங்க அக்காவுக்கு இஷ்டமில்லையோன்னு கேட்டாங்க!”

“யாரும் சாகலியா?” என்று கேட்டுவிட்டுக் கத்தரீனா கம்பியடியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, கல்யாணம் முடிந்துவிட்டது என்பது விளங்கியதும் மறுபடி எழுந்து எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தவிர்க்க நான் முத்திரைகளை எண்ணினேன்.

அந்த நேரம் பார்த்துச் சீமைத் தபால் வந்தது. அதில் ஒரு பிஸ்கோத்துப் பொதி. ‘றொபின், ஹந்தானை’ என்று இங்கிலீசில் இரண்டே சொல். ஐயா எழுந்து நின்று கோட்டை மாட்டினார்.

“தாஸிம், ஆளை அனுப்பும். இல்லை, நானே கொண்டுபோறன்.”

“ஐயா,” என்றாள் கத்தரீனா, “றொபின் எங்க தொரையோட நாயிங்க.”

“தெரியும்.”

“அதுதான் றொபின்னு ஒங்களுக்கு என்னங்க அத்தாட்சி?”

நல்ல கேள்வியைக் கண்டால் ஐயாவுக்குக் கோபம் வராது. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். கெண்டைக்காலில் நான்கு பற்கள் பதிந்த தழும்பு பளபளத்தது.

“போன வருசம் நானே போய்க் குடுத்தனான். கடிச்சுப்போட்டுது. இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?”

கத்தரீனா தழும்பைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு ஐயாவின் மற்றக் காலைப் பார்த்தாள்.

“இப்படி ஒரு வழி இருக்குன்னு மொத நாளே சொல்லியிருந்தா, நான் கல்யாணத்துக்குப் போயிருப்பேனே ஐயா!”