குலுக்கலில் விழுந்த முட்டைக்கோஸ்

கூஸ் க்ரீக், மின்னசோட்டா
சனிக்கிழமை, பனி கொட்டுகிறது

மினியாபொலிஸ் மாநகரில் கோலோச்சும் அன்பு மகள் மார்லிஸுக்கு, ஆர்விட் சித்தப்பா அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் சுகம். ஊரின் ஒரே மளிகைக் கடைதான் காலமாகிவிட்டது, நீ அறிவாய்.

"காய்கறி கிடைக்காத ஊர்ல சர்க்கரை வியாதிக்காரரைத் தனியா விட மாட்டேன், வர்ற வெள்ளிக்கிழமை வேனோட வந்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று போனில் ஆணையிட்டாய். இப்போது சாமான் வாங்கும் பெட்ரோல் பங்கில் பச்சையாக இருப்பது ரேடியேட்டரில் ஊற்றும் திரவம் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேற்று நடந்ததைக் கேட்டால் வேனையே விற்றுவிடுவாய். வெர்னாவின் மதுக்கடையில் வெள்ளிதோறும் இறைச்சிக் குலுக்கல் நடக்குமல்லவா, எண் சக்கரம் நம் சீட்டில் நின்றால் பன்றித் தொடையோ கொத்துக்கறியோ விழும். நேற்று பனியில் கறி வண்டி எங்கோ புதைந்துவிட்டது. வெர்னா அசரவில்லை. பரிசு மேசையில் ஒரு முட்டைக்கோஸை வைத்தாள். மகளே, அந்தக் கணத்தில் ஊரே உறைந்தது. பீர் நுரை பாதி வழியில் நின்றது. பாதிரியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தன் மனைவியின் அடக்கத்தில்கூடத் தொப்பியைக் கழற்றாத என் பக்கத்து வீட்டு ஹார்லன், தொப்பியைக் கழற்றினான்.

"என்ன வெர்னா, பச்சையா இருக்கு? கெட்டுப்போச்சா?"

"அதோட நிறமே அதான்யா. கையை எடு. சீட்டு வாங்கிட்டுத் தொடு."

"மோந்து பாக்கவும் காசா?"

"மூக்குக்குத் தனிச் சீட்டு."

அதற்கப்புறம் ஏற்பட்ட நெரிசலில் கட்டடம் இரண்டடி கிழக்கே நகர்ந்தது, இன்று காலை நானே அளந்தேன். சக்கரம் சுழன்று சுழன்று என் எண்ணில் நின்றது. வாழ்த்துவார்கள் என்று பார்த்தால் ஒருவரும் கைதட்டவில்லை. ஹார்லன் மட்டும் எழுந்து வந்தான்.

"உனக்கென்னய்யா, காயைத் தூக்கிட்டு வர ஒரு பொண்ணு இருக்கா. டாக்டர் எனக்கும்தான் கீரை தின்னச் சொன்னாரு. நான் யாருகிட்டப் போய் நிக்கிறது?"

இவ்வளவு வருஷத்தில் அவன் தன் குறையை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. முட்டைக்கோஸை வெர்னாவிடமே நீட்டினேன். அவள் நறுக்கி, பெரிய அண்டாவில் சூப் வைத்து, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஊற்றினாள். ஹார்லன் கிண்ணத்தை வழித்து நக்கினான். என் பங்குக்கு ஓர் இலை வந்தது. அதை நான் மென்ற விதத்தைப் பார்த்து மாடுகள் வெட்கப்பட்டிருக்கும்.

ஆகவே வானமே காய்கறி பொழியும் இந்தப் புண்ணிய பூமியை விட்டு உன் சித்தப்பா எங்கும் வரத் தேவையில்லை என்று தீர்ப்பாகிறது. வீண் அலைச்சல் வேண்டாம். நீயும் உன் கணவரும் குளிரில் நடுங்காமல், சண்டையில் தோற்காமல் நீடூழி வாழ்க.

உன்
ஆர்விட் சித்தப்பா

பி.கு.: அந்த முட்டைக்கோஸ் கிறிஸ்துமஸுக்கு நீ என் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனதுதான். திறக்கும்போதெல்லாம் என்னை முறைத்ததால் வெர்னாவிடம் தள்ளிவிட்டேன். என் சீட்டுக்கே திரும்பி வருமென்று கண்டேனா. இப்போது அடுத்த வெள்ளிக்கு கேரட், கீரை, பீன்ஸ் குலுக்கல் என்று வெர்னா அறிவித்ததும் சீட்டெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. ஹார்லன் மட்டும் ஒரு கட்டு வாங்கியிருக்கிறான். பரிசு எங்கிருந்து வருமென்று வெர்னா கேட்டாள், உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதனால் அவசியம் வா. வேன் காலியாக வரக்கூடாது. காலியாகத் திரும்பிப் போகட்டும்.