நான்தான் என்று நிரூபிக்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமை

படித்த படிப்பை ஆபீசோடு நிறுத்திக்கொள்பவன் புத்திசாலி. நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் கணினிப் பாதுகாப்பு வேலை. குரலைப் போலி செய்து போனில் ஏமாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், குடும்பத்துக்கே ஒரு ரகசியச் சொல் வைத்தேன். புது எண்ணிலிருந்து யார் அழைத்தாலும் அதைச் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் சொல்லை மாற்றுவேன். (பெரிய ராணுவ ரகசியம்!)

அந்த ஞாயிறு எனக்குப் பெண் பார்க்கும் நாள். அம்மா முன்னதாகவே கிளேபாங்கில் பெண் வீட்டுக்குப் போய்விட்டார். வழியில் சுட்ட மீன் வாங்கக் கடலோர உம்பாய்க்குப் போன நான், கடலைப் படம் எடுக்கக் குனிந்தேன். ஹேண்ட்போன் கடலுக்குள் போனது. திரும்பி வந்தால் கார் கிளம்பவில்லை. மீன்கடை மலாய்ப் பெரியவர் பாக்சிக்கிடம் போனை இரவல் வாங்கினேன்.

"அம்மா, நான்தான். கார் நின்னுபோச்சு, யாரையாவது அனுப்புங்க."

"ரகசியச் சொல் என்ன, சொல்லு."

காலையில்தான் மாற்றியிருந்தேன். சுத்தமாக மறந்துவிட்டது.

"மாம்பழம்?"

"அது போன வாரம் லா! ஐயோ, பழைய சொல்லக்கூட திருடிட்டானுங்க!" என்று அலறி, அம்மா போனை வைத்துவிட்டார்.

மறுபடி அழைத்தேன். பின்னணியில் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு வர இஷ்டமில்ல போல" என்பது கேட்டது. அப்போது பெண்ணே, ரேணுகா, போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். அதுவரை அவளைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தேன்.

"நிஜமாவே நீங்கதான்னா சொல்லுங்க. உங்க வேலையில ஹேஷ் ஹேஷ்னு சொல்வாங்களாமே, அது என்ன?"

"சம்பால் அரைச்ச பிறகு மிளகாய முழுசா திருப்பி எடுக்க முடியாதுல்ல? அந்த மாதிரி, செய்திய அரைச்சு ஒரு முத்திரை எடுப்போம். ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை மொத்தமா மாறிடும். ஆனா அது மட்டும் பத்தாது. செய்திய மாத்துறவன் புது முத்திரையும் போட்டுடுவான். அதனால ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச சாவி ஒண்ணு சேர்க்கணும்..."

காரை மறந்தேன். மீனை மறந்தேன். பெண் பார்க்கக் கிளம்பியதையே மறந்தேன்.

"போதும்டா சாமி!" அம்மாவின் குரல் குறுக்கே வந்தது. "இது என் பையன்தான். எந்தத் திருடனும் இப்படி அறுக்கமாட்டான்."

(பாடப்புத்தகம் படித்த எந்தத் திருடனும் இதையெல்லாம் சொல்லியிருப்பான். அதையும் விளக்க வாயெடுத்தேன். நல்லவேளை, பாக்சிக் போனைப் பிடுங்கிக்கொண்டார்.)

ரேணுகாவின் அப்பாவே லாரியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். மீன் ஆறிப்போயிருந்தது. கல்யாணம் மட்டும் நடந்துவிட்டது.

இப்போது எங்கள் குடும்பத்தில் ரகசியச் சொல் கிடையாது. நான் வேறு எண்ணிலிருந்து அழைத்தால் ரேணுகா, "எதையாவது விளக்குங்க" என்பாள். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் கொட்டாவி விட்டுக்கொண்டே அம்மாவிடம் சொல்வாள்: "அத்தை, அவருதான்."