பசைத்தாளில் விளைந்த ஆலிவ்

எங்கள் தோரெபார்தா ஊரில் ஆலிவ் எவ்வளவு காய்க்கும் என்பதை இப்போதெல்லாம் மரங்கள் முடிவு செய்வதில்லை. அந்தச் சிரமத்தை மாகாண விளைச்சல் முன்கணிப்பு அலுவலகம் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் மொட்டைமாடியில் ஒரு பொறி இருக்கிறது. ஆள் மூச்சிழுப்பது போலக் காற்றை இழுக்கும். காற்றோடு வரும் ஆலிவ் மகரந்தம் உள்ளே சுழலும் பசைத்தாளில் ஒட்டிக்கொள்ளும். தாளை உரித்து உருப்பெருக்கியில் வைத்து எண்ணுவார்கள். மே மாதம் மகரந்தம் அதிகமென்றால் நவம்பரில் காய் அதிகம். கணக்கில் நான் குறை சொல்லவில்லை.

அந்த வருஷம் குளிர்கால மழை கைவிரித்துவிட்டது. மரங்கள் பேருக்குப் பூத்தன. பூத்த பத்தாம் நாள் சொலானோ அடித்தது. கிழக்கிலிருந்து வரும் அந்த அனல்காற்றில் பூவெல்லாம் கருகிக் கொட்டியது. என் பக்கத்துத் தோப்புக்காரி விசித்தாசியோனுக்கு மலைச்சரிவில் நூற்று நாற்பது மரம். அவள் பிழைப்பே அதுதான். மரத்துக்கு ஒரு கைப்பிடி பிஞ்சு தேறியிருந்தது. ஜூலைக்குள் அணைத் தண்ணீர் ஒரே ஒரு முறை கிடைத்தால் அதையாவது காப்பாற்றலாம். ஆனால் விளைச்சல் வழக்கத்தில் பாதிகூடத் தேறாது என்று முன்கணிப்பு சொன்னால்தான் அவசரத் தண்ணீர் தருவார்கள்.

முன்கணிப்பு வந்தது. வரலாறு காணாத விளைச்சலாம்!

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். எங்கள் நகரசபைக்கு அலங்காரப் பித்து பிடித்திருந்தது. பக்கத்து ஊர்க்காரன் வைத்துவிட்டானே என்று, நானூறு வயது ஆலிவ் மரங்கள் மூன்றை வேரோடு பெயர்த்து வந்து, அலுவலக வாசல் ரவுண்டானாவில் நட்டார்கள். அடியில் விளக்கு, சுற்றிலும் வெள்ளைக் கூழாங்கல், வேளை தவறாமல் சொட்டுநீர். உட்கார்ந்து தின்ற அந்த மூன்றும் பூத்துத் தள்ளின. நேர் மேலே பொறி.

விசித்தாசியோனோடு நானும் அதிகாரி தோன் லெயாந்த்ரோவைப் பார்க்கப் போனேன்.

"ஐயா, என் மரத்துல காய் இல்ல," என்றாள் அவள்.

"இருக்கும்மா. அறிக்கையில இருக்கு."

"கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்!"

"கருவியை நாங்க மார்ச்சுல சரிபார்த்தோம். உங்க கண்ணை எப்போ சரிபார்த்தீங்க?"

"அனல்காத்துல பூவே பொசுங்கிப் போச்சுய்யா."

"வறண்ட காத்துலதாம்மா மகரந்தம் பிரமாதமா பறக்கும். விஞ்ஞானப்படி அது நல்ல காத்து."

"பறந்தது உங்க வாசல்ல நிக்கிற சீமான் மரத்தோடது! ஜன்னலைத் திறந்து பாருங்க."

"திறக்க முடியாதும்மா. ஆலிவ் மகரந்தம் எனக்கு ஆகாது," என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நாளில் அவளுக்கு ஓர் ஓலை வந்தது. 'முன்கணிக்கப்பட்ட விளைச்சலைத் தராது காலம் கடத்தும் மரங்களின் உரிமையாளர், அதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.' அவள் ஒரே வார்த்தை எழுதினாள்: தண்ணீர். மேலிடம் அதைக் கனிவுடன் பரிசீலித்தது. வரலாறு காணாத விளைச்சலைக் காப்பது அரசின் கடமை என்று ஆணை பிறந்தது. லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது. எங்கே? விளைச்சல் எங்கே பதிவானதோ அங்கே. ரவுண்டானாவுக்கு!

ஜூலை முடிவதற்குள் சரிவில் இருந்த பிஞ்செல்லாம் சுருங்கி உதிர்ந்தது. விசித்தாசியோன் அழவில்லை. மரம் மரமாகப் போய்க் கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

நவம்பரில் விழா வைத்தார்கள். வாத்தியம் முழங்க, தோன் லெயாந்த்ரோ முகக்கவசம் அணிந்து மூன்று மரத்தையும் கோலால் தட்டிக் காய் உதிர்த்தார். மரத்துக்கு இத்தனை காய் இதுவரை விழுந்ததில்லை, ஆகவே முன்கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்தது என்று அறிவித்தார். சரிவு நிலங்கள் அளவை எல்லைக்கு வெளியே இருப்பதால் கணக்கில் சேராதாம். கூடவே இன்னொரு அறிவிப்பு: விவசாயிகளின் மனக்குறையை மதித்து, அடுத்த வருஷம் பொறி யாராவது ஒரு விவசாயியின் தோப்பில் வைக்கப்படும். பொறி இருக்கும் இடத்துக்குத் தண்ணீரும் உண்டு. திங்கள்கிழமை முதல் விண்ணப்பிக்கலாம்.

அன்று மதுக்கடையில் ஊரே கொதித்தது. "இது அநியாயம்! ஒருத்தனும் விண்ணப்பம் போடக் கூடாது!" என்று மேசையைத் தட்டினோம். என் சத்தம்தான் எல்லாருக்கும் மேலே.

திங்கள் மதியம் அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அறுபத்து மூன்று பேர். ஊரில் மொத்த விவசாயிகளே அவ்வளவுதான். முதல் பெயர் சிப்ரியானோ. அது நான்.

விசித்தாசியோன் பட்டியலைப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்தாள். "த்தூ! வெக்கமா இல்ல உனக்கு?"

"ரெண்டாவது பேரு யாருது?" என்றேன்.

"என்னோடதுதான். ஏழு மணிக்கே வந்து வாசல்ல நின்னேன். எனக்கு முன்னால நீ எப்படா உள்ளே போனே?"