அளவோடு வெட்டிய பைப்பு

உலக வரலாற்றிலேயே பழிவாங்கலைப் பண்படுத்திய பெருமை, கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தையே சேரும். அந்தப் புரட்சியின் தலைவர் நான்தான் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

செல்லையா புல் வெட்டியபோது மெஷின் பட்டு, பக்கத்து வீட்டுக் கிரகரிக்கு மலை ஊற்றிலிருந்து தண்ணீர் வரும் பைப்பு இரண்டடி சிதைந்துபோனது. கிரகரி சும்மா இருப்பாரா? பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அவன் பைப்ப துண்டு துண்டா ஆக்குறேன் பாரு!"

"நிதானம் கிரகரி! பழிவாங்குலா, வேணாங்கல. ஆனா எதுவும் அளவோட இருக்கணும்" என்றேன்.

அன்றே 'அளவான பழிவாங்கல் குழு' உதயமாயிற்று. ரிங்லெட் டவுனிலிருந்து அளக்கும் டேப்பு வந்தது. என் மேற்பார்வையில் கிரகரி செல்லையாவின் பைப்பில் இரண்டடி வெட்டினார். கை தவறி ஓர் அங்குலம் கூடிவிட்டது.

"அந்த ஒரு இஞ்சு எனக்கு வரணும்லா!" என்றார் செல்லையா.

நியாயம்தானே? அனுமதித்தோம். அவர் கையும் கொஞ்சம் தாராளமாகவே வெட்டியது. மறுபடி கூட்டம், மறுபடி டேப்பு. கணக்குத் தீரும்வரை பைப்புகளை ஒட்டக் கூடாது என்று 'இடைக்காலத் தடை'யும் போட்டோம். லயத்தில் அடிதடி கிடையாது; அடிக்கணக்கு மட்டும்தான். தண்ணீரும் கிடையாது.

கீழே ஓடையிலிருந்து குடம் சுமந்து வந்த செல்லையாவின் மனைவி ருக்குமணி மூச்சு வாங்கக் கேட்டாள்: "தலைவரே, ஒட்டு போட்டா தண்ணி வந்துருமே?"

"ஒட்டு, நிகழ்ச்சி நிரலில் இல்லையம்மா" என்று பணிவோடு மறுத்தேன்.

ஒருநாள் மாலை கிரகரி வீட்டு அடுப்படியில் தீப்பிடித்தது. முதலில் ஓடியவர் செல்லையாதான். தன் வீட்டுக் குழாயைத் திருகினார்; சொட்டு வரவில்லை.

"ஐயோ, ஒரு வாளி தண்ணிக்கு வழியில்லாம பண்ணிட்டோமே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இருவரும் மண்ணை வாரி இறைத்து அணைப்பதற்குள் அடுப்படி கரியாகிவிட்டது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குழு உடனே கூடியது. கரிந்த சுவரை அளந்தேன். செல்லையா வீட்டிலும் அதே அளவு எரிக்கக் கிரகரிக்கு உரிமை உண்டு என்று, நான் ஒருவனே 'ஏகமனதாக'த் தீர்ப்பளித்தேன். தீப்பெட்டியையும் நீட்டினேன்.

கிரகரி வாங்கவில்லை. "போதும்லா, தலைவரே."

"போதும்னா எத்தனை இஞ்சு?"

செல்லையா என் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கினார்.

"எங்க கோபம் ஒரு ராத்திரியில ஆறியிருக்கும், தலைவரே. அத அளந்து அளந்து ஆறவிடாம வச்சது நீங்கதான்லா!"