‘சுருக்கமாச் சொல்லுங்க’ சார்

ஐயா, அம்மா, ‘சுருக்கமாச் சொல்லுங்க’ என்றொரு மனித இனம் உண்டு. அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார். அறிக்கையை நீட்டினால் கையில் வாங்கி எடை பார்ப்பார்; புரட்டமாட்டார். "என்னதான் சொல்ல வர்றீங்க? ரெண்டு வரியில சொல்லுங்க" என்பார். நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு படித்ததையெல்லாம் பொடிப்பொடியாக்கி அவர் வாயில் போடவேண்டும். அவர் விழுங்கி, ஏப்பம் விட்டு, மாடியேறி, மேலாளரிடம் அதையே தம் சொந்தக் கண்டுபிடிப்பாக எடுத்துவிடுவார். வளர்வாரா? கிடுகிடுவென்று வளர்வார். படிக்கிற வேலை மிச்சமல்லவா?

நான் சொல்லும் ஆசாமி ஒரு தயிர்த் தொழிற்சாலையில் ஆய்வுக்கூடத் தலைவர். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவை அங்கே வளர்த்துக் கொடுத்தது என் அண்ணி. ஒருநாள் காலை பெரிய தொட்டியைத் திறந்தால், பால் பாலாகவே இருந்தது. "காரணம் தெரியணும். யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போயாகணும்" என்று மேலாளர் குதித்தார். நம்மவர் அண்ணியிடம் ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு? சுருக்கமாச் சொல்லுங்க."

"பாக்டீரியா வளர நைட்ரஜன் வேணும் சார். பால்ல அது பெரும்பாலும் புரதத்துக்குள்ளதான் மாட்டிட்டிருக்கு. முழுப் புரதத்தை விழுங்க முடியாது. அதனால தன் தோல் மேலயே ஒரு கத்திரி வெச்சிருக்கு. வெளியவே வெட்டி, துண்டை உள்ள இழுத்து, அங்க இன்னும் பொடியாக்கிக்கும்."

"சரி, மேல?"

"சிலதுக்குக் கத்திரியே கிடையாது. பக்கத்துல இருக்கிறது வெட்டிப் போடுற துண்டைத் தின்னே பிழைக்கும். கத்திரி செய்யுற செலவு இல்லை பாருங்க, அதனால கத்திரி வெச்சிருக்கிறதைவிட வேகமாப் பெருகும். கடைசியில வெட்ட ஆளில்லாம பால் அப்படியே நிக்கும்."

"அடப்பாவமே! இதுங்க எப்படி இவ்வளவு சேர்ந்துச்சு?"

"வேகமா வளருதுன்னு, எல்லாம் வெட்டித் தயாரா கலந்த சத்துத் தண்ணியில வளர்க்கச் சொன்னது நீங்கதான். அங்க கத்திரிக்கு என்ன வேலை? பால்ல போட்டுச் சோதிக்கணும்னு அறிக்கையே கொடுத்தேனே!"

"அது நீளமா இருந்துச்சேம்மா!"

போனார். கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, மீதியை அபிநயத்தோடு மேலாளருக்கு விளக்கினார். "சிலது இப்படித்தான் சார், உழைக்காம பக்கத்து இலையிலயே கை வைக்கும்" என்று முகம் சுளித்தாராம். மேலாளர் சொக்கிப்போனார். "இவ்வளவு தெளிவா சொல்ற நீங்க இருக்கிறப்போ, அந்தம்மா எதுக்கு?"

அன்று மாலை அண்ணி தன் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.  

அடுத்த வாரம் போன் வந்தது. நம்மவரேதான். குரலில் தேன் வழிந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா? தொட்டி மறுபடியும் உறையல. இப்ப என்ன செய்யணும்னு கொஞ்சம் சுருக்கமா..."

"முடியாது" என்றார் அண்ணி.

இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்?

சிரித்துவிட்டீர்களா? நல்லது. பால் ஏன் தயிராகாமல் நிற்கிறது, பாக்டீரியா எப்படிப் புரதத்தை வெட்டுகிறது என்றெல்லாம் இப்போது தெரிந்துகொண்டீர்களே, எந்தப் புத்தகத்தைப் புரட்டினீர்கள்? எல்லாம் என் அண்ணி வெட்டிப் போட்டது. இன்று சாப்பாட்டு மேசையில் தயிரைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு இதை எடுத்துவிடத்தான் போகிறீர்கள். பிள்ளைகளும் வாயைப் பிளப்பார்கள். "உங்களுக்கு எப்படிப்பா இவ்வளவு தெரியும்?" என்று கேட்பார்கள்.

என்ன பதில் சொல்வீர்கள்?